கொப்பரை ஒட்டிய வியாழக்கிழமை

என் கடை வாசலில் நின்றால் இமான்குலின் வீட்டு முற்றத்துப் பட்டறை நேராகத் தெரியும். நடுவே நாரின் நகரத்துக்குப் போகும் சாலை. லாரி போகாத நேரத்தில் அவன் இருமுவதுகூட எனக்குக் கேட்கும். ஒரு மனிதனை இவ்வளவு பக்கத்திலிருந்து வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லதில்லை. எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது.

இமான்குல் இரும்பு வெல்டிங் வைப்பவன். எங்கள் ஊர் வாசல் கேட்டுகளில் பாதி அவன் கைபட்டவை. நிலக்கரி அடுப்பு, டிரெய்லர் கொக்கி, கல்லறைக்குப் போடுகிற வேலி எல்லாம் அவனிடம்தான் வரும். வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் குறை. "சரி பண்ணித் தர்றியா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவான். "எப்போ வந்து எடுத்துக்கறது?" என்றால் வானத்தைப் பார்ப்பான். மழை வருமா என்று கேட்டவனுக்குச் சொல்கிற பதில் மாதிரி இருக்கும்.

அவன் மனைவி அனார்கான் மாஸ்கோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குக் கூரை மாற்றும் அளவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனாள். பிறகு மகள் மீரிமையும் அங்கே அழைத்துக்கொண்டாள். கூரை எப்போதோ மாறிவிட்டது. நல்ல நீலத் தகரம், எங்கள் தெருவிலேயே அழகான கூரை அதுதான். அதன் கீழே ஒற்றை ஆள்.

கிளம்புகிற அன்று அவள் தன் சமையல் கொப்பரையைக் கழுவித் துடைத்து, வெளிச்சமையலறை அடுப்பின் மேல் கவிழ்த்து வைத்தாள். அலுமினியத்தில் வார்த்த கொப்பரை, தாய்வீட்டிலிருந்து அவளோடு வந்தது. "நான் வந்துதான் இத நிமிர்த்துவேன். நீங்க கைய வெச்சுக் கெடுத்துடாதீங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த மனிதன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் தின்றதெல்லாம் என் கடை ரொட்டியும் டப்பா மீனும்தான்.

போன குளிர்காலத்தில் மீரிமுக்கு மாஸ்கோவில் கல்யாணம் நடந்தது. இமான்குல் போகவில்லை, போனில் பார்த்தான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஆட்டுக்கறி வாங்கிவந்து, கொப்பரையை நிமிர்த்தி, தானே சமைத்தான். மகள் கல்யாணத்துக்கு வீட்டில் கொப்பரை ஏறாமல் இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பான். எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நாங்கள் போயிருப்போம். தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ஊறட்டும் என்று கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்திருக்கிறான். எங்கள் ஊர் ஜனவரியில் வெளியே தண்ணீர் வைத்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். காலையில் உள்ளே பனிக்கட்டி. கொப்பரையின் விளிம்பிலிருந்து அடிவயிறு வரை விரிசல்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வசந்தத்தில் ஒருநாள் கடைக்கு வந்து நின்றவன், அவன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினான்.

"அக்கா, அனார்கான் இலையுதிர் காலத்துல வர்றா. புடிச்சிருந்தா இங்கயே இருந்துடறேன்னு சொன்னா."

"நல்ல சேதிதானேடா. அதுக்கு ஏன் மூஞ்சிய இழவு வீட்டுல வெச்ச மாதிரி வெச்சிருக்க?"

"அவ கொப்பரை வெடிச்சுப்போச்சு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. "சந்தையில அடுக்கிவெச்சு விக்கிறான். ஒண்ணு வாங்கிக் கவுத்து வெச்சிடு. அவளுக்கு எங்க அடையாளம் தெரியப்போகுது?"

"அது அவளுது அக்கா" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

தலைநகர் பிஷ்கெக்கில் அலுமினியத்துக்கென்றே ஆர்கான் வாயு வெல்டிங் வைக்கிற ஒருவனிடம் கொண்டுபோனான். அந்த ஆள் உள்ளே விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வருஷக்கணக்கா கொழுப்புக் குடிச்ச சட்டி. பத்தவெச்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு பொரிஞ்சு ஓட்டைதான் விழும். தூக்கிப் போடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். இமான்குல் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டே மினிபஸ்ஸில் ஊர் திரும்பினான். சட்டைப் பையில், உருக்கி ஒட்டுகிற அலுமினிய ராடு ஒரு பாக்கெட் இருந்தது. தானே தன் மிஷினில், சாதா ராடு பிடிக்கிற ஹோல்டரிலேயே ஒட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

இரும்பு ஒட்டத் தெரிந்தவனுக்கு அலுமினியமும் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த சில வாரங்களில் பட்டறைக்கு வெளியே குவிந்த குப்பையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பழைய பிஸ்டன், கியர்பெட்டி மூடி, பால்கேன் அடிப்பக்கம் என்று கிடைத்ததையெல்லாம் பொத்தல் போட்டு வைத்திருந்தான். தீப்பெட்டி வாங்க வரும்போது வாயைக் கிளறுவேன்.

"என்னடா, பால்கேன சல்லடையா மாத்தற வேலையா?"

"சிவக்க மாட்டேங்குது அக்கா. இரும்புன்னா சிவந்து காட்டும், கைய எடுத்துக்கலாம். இது பாக்க அப்படியே வெள்ளையா இருக்கும். மேல்தோல் அசையாது, உள்ள தண்ணியாயிருக்கும். சொல்லாம கொள்ளாம பொத்துன்னு விழுந்துடுது."

"உன்ன மாதிரியேதான் இருக்கு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ராடும் இரும்பு ராடு மாதிரி இல்லையாம். கண் சிமிட்டுவதற்குள் எரிந்து குட்டையாகிவிடும், அதற்குள் கை ஓடியாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் நுனியில் கசடு மூடிக்கொண்டு மறுபடி பற்றாது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துக்கொள்ளும் என்று ராடுகளை அனார்கானின் ரொட்டி அடுப்புக்குள் வைத்து உலர்த்தினான். அந்த அடுப்பு அத்தனை வருஷத்துக்குப் பிறகு பற்றியது அதற்காகத்தான். ஒட்டி முடித்த பிறகு கசடை வெந்நீர் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் ஒட்டச் சுரண்டிவிட வேண்டும். கொஞ்சம் விட்டாலும் உலோகத்தைத் தின்றுவிடுமாம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு கியர்பெட்டி மூடி செத்தது.

சூட்டுக்குத்தான் அவன் கடைசியில் ஒரு வழி பிடித்தான். துணி துவைக்கிற பழுப்புச் சோப்பை உலோகத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடியில் தீ வைப்பான். கோடு கறுப்பு டீ நிறத்துக்கு வந்தால் பற்றவைக்கலாம், கரிந்துபோனால் எட்ட நிற்க வேண்டும். உலோகம் சொல்லாததைச் சோப்பு சொன்னது. என் கடையில் அந்த வருஷம் சோப்பு விற்றதெல்லாம் அவனால்தான். அவன் சட்டை மட்டும் அழுக்காகவே இருந்தது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வியாழன் சாயங்காலம் கொப்பரையில் எண்ணெயும் கொழுப்பும் காய்ச்சி, மாவுத்துண்டு போட்டுப் பொரித்து, வாசனை எழுப்புவோம். செத்துப்போனவர்களுக்கு அந்த வாசனை போய்ச் சேரும். தெருவில் போகிறவர்கள் மூக்கில் பட்டாலும் நின்று, இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் தடவிக்கொண்டு, ஆமீன் சொல்லிவிட்டுப் போவார்கள். வாசனை எழுப்புவது வீட்டுப் பெண்களின் வேலை. இமான்குலின் பெற்றவர்களுக்குக்கூட அவன் அண்ணன் வீட்டில்தான் எழுப்புவார்கள். இவன் முற்றத்தில் அந்த வாசனை வந்ததே கிடையாது.

அன்றைக்கு வந்தது. அதுவும் லேசாக இல்லை. நான் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். வெங்காயம், சீரகம், ஆட்டுவால் கொழுப்பு, பொரித்த மாவு எல்லாம் ஒன்றாகக் கலந்து சாலையைத் தாண்டி வந்தது. அது அனார்கானின் கைமணம். எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். அவள்தான் சொல்லாமல் முன்னாலேயே வந்துவிட்டாள் என்று நினைத்து, சர்க்கரையை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுச் சாகின்பாய் குதிரையைப் பிடித்தபடி சாலையில் நின்றுகொண்டிருந்தார். கையேந்தி முடித்திருந்தார், முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, அனார்கான் வந்துட்டாளா?"

"எந்த பஸ்ஸுல வருவா? காலைலேருந்து நான் இங்கதானே நிக்கறேன், ஒருத்தரும் இறங்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சைரா, அவன் வாசனை எழுப்பறான். தனி ஆம்பள, தானே உக்காந்து எழுப்பறான்னா, யாருக்கு?"

அனார்கானின் கைமணத்தையே எழுப்புகிறான் என்றால் வேறு யாருக்கு?

போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சாவு வீட்டைப் போனில் விசாரிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அழுதுகொண்டே போய் நிற்பதுதான் முறை. சாகின்பாய், சாவுக்கு எங்கள் ஆண்கள் அழுகிற முறைப்படி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ஐயோ என் தங்கமே, என் கூடப்பிறந்தவளே" என்று உரக்க அழுதபடி சாலையைக் கடந்தார். நான் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு பின்னால் போனேன். தெரு முழுவதும் வந்துவிட்டது. பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பாரி பிடித்தார்கள். அவளுடைய ரொட்டியை, அவளுடைய பசுவை, தூரதேசத்தில் தேய்ந்துபோன கைகளைச் சொல்லிச் சொல்லி அழுதோம். நானும் மனசார அழுதேன்.

இமான்குல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பட்டறைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு, கொப்பரைக்கு முன்னால் முட்டி போட்டிருந்தான். தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. பெண்டாட்டி செத்த அன்றைக்கும் வெல்டிங்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். ஒட்டுவதற்கு முன்னால் கொப்பரை குடித்த கொழுப்பையெல்லாம் எரித்து வெளியேற்ற வேண்டும். மத்தியானத்திலிருந்து கரியில் வைத்துச் சுட்டிருக்கிறான். அத்தனை வருஷச் சமையலும் புகையாக வெளியே வந்திருக்கிறது. அன்று என்ன கிழமை என்றே அவனுக்கு நினைவில்லை. சோப்புக் கோடு நிறம் மாறியதும் பற்றவைக்கத் தொடங்கிவிட்டான், தொடங்கினால் நிறுத்த முடியாது. மிஷின் இரைச்சலில் எங்கள் அழுகை அவன் காதில் விழவே இல்லை.

கடைசி ராடு முடிந்து முகமூடியைத் தூக்கினான். முற்றம் நிறைய ஜனம். சாகின்பாய் மார்பில் அடித்துக்கொண்டு, "அனார்கானே!" என்று கதறிக்கொண்டிருந்தார்.

அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஏதோ சேதி வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று அவன் நினைத்துவிட்டான். அவனுக்குத் தெரிந்துதான் வாசனை எழுப்புகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஹோல்டர் கையிலிருந்து விழுந்தது. அப்படியே கரித்தூளில் உட்கார்ந்தான். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஓர் அழுகையை அந்த ஊமை உடம்புக்குள் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. "வான்னு ஒரு தடவகூட கூப்பிடலையே, ஒரு தடவகூட கூப்பிடலையே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஆண்கள் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. திரையில் அனார்கான் பெயர். செத்தவள் போனிலிருந்து மகள் பேசுகிறாள் என்று நினைத்து அவன் தொடமாட்டேன் என்றான். நான்தான் எடுத்தேன்.

"மீரிம், கண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு, சைரா அக்காவா? அக்கா, நான் செத்துட்டேனாமே!"

சாகின்பாய் அழுகைக்கு நடுவே மாஸ்கோவில் இருக்கிற தன் மகனுக்குப் போனில் சேதி சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் மீரிமுக்கு ஆறுதல் சொல்ல ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். கதவைத் திறந்தது அனார்கான். "மயக்கம் போட்டு வாசல்லயே விழுந்துட்டான் அக்கா. தண்ணி தெளிச்சு எழுப்பி டீ குடுத்து உக்கார வெச்சிருக்கேன்" என்று அவள் சிரித்தாள். பிறகு சட்டென்று, "அங்க யாரு அப்படி அழறது?" என்று கேட்டாள்.

"உன் புருஷன்."

"அவரா? அவருக்கு அழத் தெரியுமா?"

போனை அவன் காதில் வைத்தேன். குரலைக் கேட்டதும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போதாவது சொல்லப்போகிறான் என்று நானும் காத்திருந்தேன்.

"உன் கொப்பரை வெடிச்சிருந்துச்சு. ஒட்டிட்டேன்" என்றான்.

போனிலிருந்து அவள் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "எந்தக் கொப்பரை?"

பிறகு அவளுக்கே நினைவு வந்துவிட்டது. "அம்மா குடுத்ததா? அதையா இன்னும் வெச்சிருக்கீங்க?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "வர்றேன். சொன்னபடி வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சாகின்பாய்க்குக் கோபமும் வெட்கமும் தாங்கவில்லை. "கிழம பாத்து ஒட்டக் கூடாதாடா! தொண்ட கிழிஞ்சுபோச்சு எனக்கு" என்று கத்திவிட்டுப் போனார். இமான்குல் கொப்பரையைச் சூடான சாம்பலுக்குள் புதைத்து, மெதுவாக ஆற விட்டான். மறுநாள் கசடைக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் பார்த்தான். ஓரிடத்தில் வியர்வை மாதிரி ஒரு சொட்டுத் துளிர்த்தது. மறுபடி சுட்டு, மறுபடி ஒட்டினான். அது ஒழுகாமல் நிற்கும்வரை விடவில்லை.

அனார்கான் இலையுதிர் காலத்தில் வந்தாள். கொப்பரையின் வெளிப்பக்கம் தடித்திருந்த ஒட்டுத் தடத்தை விரலால் தடவிப் பார்த்து, "எனக்குப் பண்ணின ஆபரேஷன் தழும்பு மாதிரியே இருக்கு" என்றாள். அவளுக்கு ஆபரேஷன் நடந்ததே இமான்குலுக்கு அப்போதுதான் தெரியும். முதல் வியாழக்கிழமை எண்ணெய் காய்ச்சிப் பொரித்து, தெருவுக்கே கொடுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கினோம். அந்தச் சில வாரம் இமான்குல் என் கடைக்கு டப்பா மீன் வாங்க வரவில்லை. சட்டை வெளுப்பாக இருந்தது. அவள் இருந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

மீரிம் மாசமாக இருந்தாள். தினமும் போன் வரும். முதல் பனி விழுந்த வாரத்தில் அனார்கான் பையைக் கட்டினாள். என் கடை வாசலில்தான் மினிபஸ் நிற்கும்.

"நீங்களும் வாங்களேன். மீரிம் கூப்பிடறா. அங்கயும் வெல்டிங் வேல இருக்கு" என்றாள்.

இமான்குல் வானத்தைப் பார்த்தான்.

"வாயத் தொறந்து ஏதாவது சொல்லேண்டா!" என்று நான் கத்தினேன். கரித்தூளில் உட்கார்ந்து அழுதவன் இவன்தானா என்று எனக்கு வயிறு எரிந்தது.

"ஜன்னல் பக்கமா உக்காரு, வாந்தி வராது" என்று அவளிடம் சொன்னான்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். ஏறி ஜன்னல் பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

கிளம்புவதற்கு முன்னால் அவள் முன்பு மாதிரியே கொப்பரையைக் கழுவிக் கவிழ்க்கப் போனாளாம். "கழுவாத, அப்படியே இருக்கட்டும்" என்றானாம். "இத்தனை நாள்ல அவர் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான் அக்கா" என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னாள்.

எதற்கு என்று அடுத்த வியாழக்கிழமை தெரிந்தது. அவன் முற்றத்திலிருந்து மறுபடி அந்த வாசனை வந்தது. எண்ணெய் ஊற்றவில்லை, மாவு போடவில்லை. கழுவாத கொப்பரையைச் சும்மா அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான். சாகின்பாய் வழக்கம்போல நின்று கையேந்தினார். அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து கையைக் கீழே போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன சொல்லி வேண்டிக்கொள்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

வாரா வாரம் வைக்கிறான். வாரா வாரம் வாசனை குறைந்துகொண்டே வந்தது. முதலில் என் கடைக்குள் வரை வரும், பிறகு வாசல் வரை, பிறகு நடுச் சாலை வரை. போன வியாழக்கிழமை எனக்கு மனசு கேட்காமல் அவன் முற்றத்துக்கே போனேன். கொப்பரைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். சூடான உலோகத்தைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

"அக்கா, உங்களுக்கு வருதா?" என்று கேட்டான்.

"வருதுடா" என்றேன்.